சிகிச்சைக்கு முன் நோன்பு தகுமா?

அட்டமி, சதுர்த்தசி தோறும் தவறாது உபவாசம் இருக்கும் முதியோர் நம் இல்லங்களில் பலர் உளர். இதய அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டதும் அவருள் சிலர் நோன்பை மேலும் கூட்டிக்கொள்வதுண்டு. உயிருக்கு இடர் நேரும் வேளையில் புண்ணியமே துணை என்பது அவர்தம் நம்பிக்கை. அது எள்ளத்தக்கதன்று. ஆயினும் அவ்வேளையில் உணவைக் குறைத்தல் தவமாகுமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

இதய அறுவைக்குப்பின், பெரும்பாலும் முதற் சில நாள்களுக்குள், முதியோர் பலருக்கு 'டெலிரியம்' எனப்படும் திடீர் மனக்குழப்பம் உண்டாகிறது. இடமும் காலமும் அறியாது மயங்குவர்; இல்லாதவரைக் கண்டு பேசுவர்; சிலர் பேச்சின்றி ஒடுங்கிக் கிடப்பர். காலையில் தெளிந்தவர் இரவில் மீண்டும் குழம்புவர். முதுமை, முன்பே உள்ள மறதி, நோய்த்தொற்று, உறக்கமின்மை எனக் காரணம் பல. ஊட்டம் குறைந்த முதியோரிடம் இக்குழப்பம் மிகுதியாகக் காணப்படுவதையும் மருத்துவ ஆய்வுகள் சுட்டுகின்றன. நன்கு உண்டவர்க்கு இது வாராது என்பதன்று. ஆனால் வயதை நம்மால் மாற்ற இயலாது. உணவை ஓரளவு சீர்செய்ய இயலும்.

இனி அறநூல் வழி நோக்குவோம். பதினாறு பாவனைகளைக் கூறும் தத்துவார்த்த சூத்திரம், தவத்தை அவரவர் ஆற்றலுக்கு ஏற்றதாகவே வைத்துள்ளது. சல்லேகனையோ, இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் வகுத்தபடி, மாற்று வழியற்ற இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றிற்கே உரியது. நோய் தீரும் என்று கருதி மருத்துவமனைக்குச் செல்பவர் அந்நிலையில் இல்லை.

'உடல் வேறு, உயிர் வேறு. உடலை ஏன் இத்துணைப் பேணுதல் வேண்டும்?' என வினவலாம். உண்மையே. ஆனால் தவத்தின் பயன் உடலை வாட்டுவதன்று. புலனை அடக்கி அறிவை விழிப்பில் நிறுத்துவதாகும். பஞ்ச நமஸ்காரத்தை நினைக்கவும் இயலாதவாறு உள்ளம் கலங்குதற்கு இடந்தரும் நோன்பு, தன் பயனைத் தானே இழக்கிறதன்றோ?

இதனால் விரதம் கைவிடப்பட வேண்டியதில்லை. கதிரவன் மறையுமுன் உண்ணும் நெறிக்குள்ளேயே பயறு, பருப்பு, பால் முதலியவற்றால் ஊட்டம் பெறலாம். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உடையோர் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. புலால் உண்ணாதார்க்குக் குறையக்கூடிய பி12 உயிர்ச்சத்தையும் சோதித்துக்கொள்க. அறுவைக்கு முன் மருத்துவர் விதிக்கும் சில மணிநேரப் பட்டினி வேறு. அதனைப் பிழையாது காக்க. ஏற்ற நியமத்தைத் தள்ளிவைக்க அஞ்சுவோர் துறவியரை அணுகித் தெளிவு பெறுக.

இல்லத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. குழப்பத்தில் முதியவர் கடிந்து பேசினும், நள்ளிரவில் உணவு கேட்பினும், அவர் நெறி தவறினார் எனக் கொள்ளற்க. அது அவர் எண்ணித் துணிந்த சொல்லன்று. மூக்குக் கண்ணாடியை அணிவித்து, பழகிய குரலில் பெயர் சொல்லி அழைத்து, நாளும் இடமும் பொறுமையுடன் நினைவூட்டுக. அவர் தெளிந்தபின் அதனைச் சொல்லி நாணச் செய்யாதிருத்தலும் அகிம்சையே.