சுழி முந்தியா, அழுத்தம் முந்தியா?

1991இல் டுவாடி, குடே, பிராஷே என்ற மூன்று பிரெஞ்சு இயற்பியலாளர்கள், எதிரெதிராகச் சுழலும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே தண்ணீரைக் கொந்தளிக்க விட்டார்கள். நீரில் நுண்ணிய காற்றுக் குமிழிகளையும் கலந்திருந்தார்கள். குமிழிகள் அங்கங்கே கூடி மெல்லிய இழைகளாகத் தெரிந்தன. சற்று நேரத்தில் கலைந்தன. சுழற்சி உக்கிரமான இடத்தில் அழுத்தம் தாழும். குமிழி அங்கேதான் ஓடும். கண்ணுக்குப் புலப்படாத சுழிகள் இப்படி அகப்பட்டன.

அழுத்தம் குறைந்ததால் சுழி பிறந்ததா, சுழி பிறந்ததால் அழுத்தம் குறைந்ததா? பொறியாளருக்கு இது வெட்டிக் கேள்வி. தத்துவவாதி அப்படி விட்டுவிட மாட்டார்.

காரணம் காரியத்துக்கு முந்தியிருக்க வேண்டும் என்றார் டேவிட் ஹியூம், 1739இல். தவறாமல் முன்னிற்பதே காரணம் என்பது நம் நியாய தரிசனத்தாரின் கட்சியும்கூட. ஆனால் அமுங்காத நீர்மத்தின் சமன்பாடுகளில் முன், பின் என்ற பேச்சே எழுவதில்லை. ஒரு கணத்தின் ஓட்டம் முழுவதும் தெரிந்தால் அதே கணத்தின் அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு மூலையில் ஓட்டம் மாறினால் மறு மூலையில் அழுத்தம் அப்போதே மாறும்.

காரணமும் காரியமும் ஒருசேர நிகழலாம் என்று கான்ட் 1781இல் ஒப்புக்கொண்டார். மெத்தைமேல் குண்டை வைத்தால் குழி விழும். குழி இருப்பதால் குண்டு வந்துவிடாது என்பது அவர் வாதம். அழகான வாதம்தான். சுழி விஷயத்தில் குண்டு எது, மெத்தை எது?

சிக்கல் இதோடு நிற்கவில்லை. அடர்த்தி மாறாத நீர்மத்தில் சுழற்சிக்கென்று தனிச் சமன்பாடு எழுதினால் அழுத்தம் அதிலிருந்து கழன்றுபோகிறது. சம்பந்தமே இல்லையோ என்று தோன்றும். உண்டு, சுற்றுவழியில். சுற்றியுள்ள ஓட்டம் சுழியை இழுத்து நீட்டுகிறது. மெலிய மெலிய அது வேகமெடுக்கிறது. அந்த இழுப்பை மாற்றியமைப்பது அழுத்தம். 1982இல் வியேஃபோஸ் என்ற ஆய்வாளர், உராய்வற்ற நீர்மத்தில், தொலைவிலிருந்து வரும் அழுத்தத்தின் பங்கை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். குறிப்பிட்ட நேரத்துக்குள் விடை முடிவிலிக்கு ஓடியது!

நீர் எங்கும் குவியக் கூடாது, எங்கும் இடைவெளி விழக் கூடாது என்ற நிபந்தனையைக் காப்பதே இங்கு அழுத்தத்தின் வேலை. எதையும் முந்தி நின்று தள்ளாமலே அது சுழியின் போக்கை மாற்றுகிறது. ஹியூமின் இலக்கணத்தில் இதற்கு இடமில்லை, குறை இலக்கணத்தில்தான்.

உண்மையான தண்ணீர் சிறிது அமுங்கும், அழுத்தச் செய்தி அதில் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில்தான் போகும் என்று ஹியூமின் ஆதரவாளர் மடக்கலாம். நியாயம்தான். ஆனால் 2000இல் கிளே கணித நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது உராய்வுள்ள, அமுங்காத நீர்மத்தின் சமன்பாடுகளுக்கு. முப்பரிமாணத்தில் அவற்றின் தீர்வு என்றும் சீராக இருக்குமா, ஒரு கட்டத்தில் உடையுமா என்பதை இன்னும் யாரும் நிறுவவில்லை.