உறைக்குள் என்ன?

அழுக்குத் தலையணைக்கு வெளுத்த உறை மாட்டி விருந்தாளிக்குக் கொடுப்பது பொய்யா, இல்லையா? சிரிக்காதீர்கள், சீரியஸாகத்தான் கேட்கிறேன். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. படுப்பவருக்கும் தெரியப்போவதில்லை. காமர்ஸ் படிப்பில் இதற்கு 'விண்டோ டிரஸ்ஸிங்' என்று பெயர். கணக்கில் செய்தால் ஆடிட்டர் கேட்பார். தலையணைக்கு ஏது ஆடிட்டர்?

திருத்தணியில் வீடு இருந்தால் ஆடிக் கிருத்திகைக்கு இந்தக் கேள்வி வாசலிலேயே வந்து நிற்கும். சென்னையிலிருந்தும், எல்லை தாண்டி சித்தூர்ப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள். பாதிப் பேர் மொட்டை, மொட்டை மேல் சந்தனம். 365 படி ஏறி இறங்கிய அலுப்பில் அப்படியே சாய்வார்கள். எண்ணெய், வியர்வை மாதிரி சந்தனமும் உறையைத் தாண்டிப் பஞ்சு வரை போகும். உறையை மட்டும் அலசிப் போட்டால், அடுத்த வருஷம் வருகிறவர் வேறு யாருடைய வேண்டுதல் மேலோ தலைவைத்துப் படுக்கிறார்!

சுத்தம் செய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. இலவம்பஞ்சை மட்டும் நனைக்கக் கூடாது. இழை மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் பஞ்சு மிதக்கும் (ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் ஜாக்கெட்டுக்கே இதை அடைத்தார்கள்). ஆனால் தலையணையோடு ஊறப்போட்டால் கட்டிகட்டியாகி, உள்ளே ஈரம் தங்கி நாறும். தையலைப் பிரித்து, பஞ்சைப் பாயில் பரப்பி, பறக்காமலிருக்க மேலே பழைய வேட்டி, நாலு ஓரமும் கல். சாயங்காலம் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு உதிர்த்துவிட்டு, துவைத்த உள்துணியில் திரும்ப அடைத்துத் தைக்கணும். ஃபைபர் தலையணையைப் பெரும்பாலும் மெஷினிலேயே போடலாம். நடுவில் அமுக்கிப் பார்த்து ஈரமே இல்லை என்று தெரியும்வரை காயணும், அவ்வளவுதான்.

வெயிலுக்கா பஞ்சம்? கோடைச் செய்திகளில் வேலூரோடு போட்டி போடுகிற ஊர். செலவு, அரைநாள் முதுகுவலி. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களுக்கு என்பதால் ஆண்கள் சுலபமாக தர்மம் பேசிவிடுகிறோம். ஊசியில் நூல் கோத்துவிட்டுப் பேசலாம்.

பொய்தான் என்பது என் கட்சி. தூங்குகிறவர் எதையும் சோதிக்க முடியாதவர். கண்ணை மூடி, தலையை நம் வசம் ஒப்படைத்துவிட்டார். அவரை ஏமாற்ற நாம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. வெள்ளை உறையே பேசிவிடுகிறது.

விருந்தாளிகளும் விவரமானவர்கள். பையிலிருந்து சொந்தத் துண்டை எடுத்துத் தலையணை மேல் விரிப்பார்கள். "சந்தனம் ஒட்டிக்கும்ல, அதான்!" நம் தலையணை மேல் அக்கறையா, சந்தேகமா? முகத்தைப் பார்த்து எதுவும் தெரியாது. துண்டை எடுக்கச் சொன்ன வீட்டுக்காரர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.