பிறவித் திருடன்



சென்ற பௌர்ணமியன்று கல்கத்தாவில் நம் அன்பர் ஒருவர், பிறர் பணத்தை எடுத்து அகப்பட்ட தம் மகனை என்முன் நிறுத்தி, "ஐயா, இவன் பிறவித் திருடன்" என்றார். பையன் தலைநிமிரவில்லை. அச்சொல்லைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அது அவர் படைத்த சொல்லன்று. 1876ல் இத்தாலிய மருத்துவர் லோம்பிரோசோ, மண்டையோடுகளை அளந்து, குற்றவாளி பிறவியிலேயே அமைகிறான் என நூலெழுதினார். அதற்கு முன்பே, 1871ல், கல்கத்தாவைத் தலைநகராகக் கொண்டிருந்த ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிவிட்டது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த நாட்டில் இது எளிதாயிற்று போலும்!

1897ல் இந்நகரில் விரல்ரேகை அலுவலகம் ஏற்பட்டது. குற்றம் செய்தவனை அறிய அது நல்ல கருவியே. ஆனால் தமிழ்நாட்டில் குற்றம் செய்யாதவர் கைகளிலும் மை தடவினர். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் ரேகை தர மறுத்த கள்ளர் மக்களைக் காவலர் சுட்டனர், பலர் மாண்டனர். சட்டம் 1952ல் நாடு முழுதும் நீங்கிற்று. சொல் நீங்கவில்லை.

நான் பஞ்சாலையில் உழைத்த காலத்தில் ஒருநாள் நூற்கட்டு ஒன்று காணவில்லை. எங்கள் தெருவாரை மட்டும் வாயிலில் தனியே நிறுத்திச் சோதித்தனர். மூன்றாம் நாள் அது கிடங்கிலேயே கிடைத்தது, எவரும் வருந்தவில்லை. அன்றிரவு என் மனத்தில் எழுந்ததை மறைக்கமாட்டேன்: "திருடியிருந்தாலாவது பயன் உண்டே!" அவ்வெண்ணத்தோடு நான் பிறக்கவில்லை. வாயிலில் நின்ற ஒரு நாழிகையில் அது என்னுள் புகுத்தப்பட்டது.

பகவான் இதன் வேரைச் சக்கவத்தி சீகநாத சூத்திரத்தில் காட்டுகிறார். அரசன் வறியோர்க்குப் பொருள் அளிக்கத் தவறினான்; வறுமை பெருகிற்று; களவு தோன்றிற்று. பிடிபட்டவனுக்குப் பொருளீந்தான், அதைக் கேட்டு வேறு பலரும் திருடினர். பின்னர்த் தலையை வெட்டுவித்தான். திருடரும் ஆயுதம் ஏந்தினர். ஆக, காலங்கடந்த ஈகையும் பயன்படவில்லை, வாளும் பயன்படவில்லை. கூடதந்த சூத்திரத்திலோ, உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் பணியாளனுக்கு ஊதியமும் முன்னதாகவே அளிக்கும் வழி கூறப்படுகிறது.

இதனால் களவு குற்றமன்று என்று கொள்ளற்க. இரண்டாம் சீலம் வறியவனுக்கும் உரியதே. எடுத்த பணத்தைத் திருப்பித் தருமாறு பையனிடம் கூறினேன், இசைந்தான். "என்ன வேலை செய்கிறாய்?" என்றேன். ஆறு திங்களாக ஒன்றுமில்லை என்றான். அருகிலிருந்த உபாசகர் ஒருவர், தம் பட்டறைக்குத் திங்கட்கிழமை காலை வரச் சொன்னார். தந்தையிடம், அச்சொல்லை இனி வீட்டில் உரைப்பதில்லை என்று வாக்குப் பெற்றேன்.