ஆசனம் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றிலே 'சம ஆசனம்' என்னும் தொடருக்குத் தனியிடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் கதவுகள் மூடப்பட்டிருந்தன. அனுமதி கிடைத்தவிடத்தும், ஏனைய பிள்ளைகள் வாங்கிலே அமர்ந்திருக்க, அவர்கள் நிலத்திலே இருந்து கற்க வேண்டியவராயினர். அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்த ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்பது 1920களின் இறுதியிலே வலியுறுத்தப்பட்டபோது, குடாநாட்டிலே கடும் எதிர்ப்பு மூண்டது. 1930 ஆம் ஆண்டளவில் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகக் குரல் எழுப்பியது. ஒரு வாங்கின் உயரத்தைக்கொண்டு ஒரு சமூகத்தின் நீதியுணர்வு அளக்கப்பட்ட காலம் அது.

அப்போராட்டம் எழுப்பிய வினா, 'யார் அமரலாம்?' என்பதாகும். அதனையடுத்து எழவேண்டிய வினா ஒன்றும் உண்டு. ஆசனம் கிடைத்த பின்னரும் கரும்பலகையைக் காணமுடியாத பிள்ளைக்கும், ஆசிரியையின் குரல் எட்டாத பிள்ளைக்கும், சந்தடியைத் தாங்கமாட்டாது காதுகளைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கும் அவ்வாசனத்தால் யாது பயன்? மூன்று முதல் ஐந்து வயது வரையான குழந்தைகள் பயிலும் முன்பள்ளியிலே இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. பல்வேறு கற்றல் தேவைகளையுடைய குழந்தைகளை ஒரே வகுப்பறையிலே கற்பிக்கும் உட்படுத்தற் கல்வி கருணையின்பாற்பட்டதா, நீதியின்பாற்பட்டதா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

சமத்துவம் என்பது எல்லோர்க்கும் ஒன்றையே வழங்குதல் எனப் பலரும் கருதுவர். அரிஸ்ரோட்டில் இக்கருத்தை ஏற்கவில்லை. சமமானோர்க்குச் சமமாகவும் அல்லாதோர்க்கு அவரவர் தகுதியின் விகிதப்படியும் பகிர்தலே நீதி என்பது அவர் கொள்கை. இது முதல் நோக்கிலே ஏற்புடையதாகத் தோன்றும். ஆயின், உறுப்புக்குறையுடன் பிறக்கும் குழந்தையை வளர்க்கலாகாது எனச் சட்டம் இருத்தல் வேண்டும் என்று தமது அரசியல் நூலிலே கூறியவரும் அவரே. தகுதியையே அளவுகோலாகக் கொள்ளும் நீதியோடு, தகுதியற்றவர் எனச் சிலரை முதலிலேயே விலக்கிவிடும் சிந்தனையும் உடனுறைய முடியும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1979 இல் நிகழ்த்திய 'எதில் சமத்துவம்?' என்னும் விரிவுரை இச்சிக்கலுக்கு வேறொரு வழியைக் காட்டியது. ஒருவரிடம் எவ்வளவு பொருள் உள்ளது என்று கேட்பது போதாது. அதனைக்கொண்டு அவர் யாது செய்ய வல்லவராகின்றார் என்றே கேட்டல் வேண்டும் என அவர் வாதித்தார். இவ்வாதத்தை முன்பள்ளிக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரு குழந்தைகளுக்கு ஒரே படப்புத்தகம் வழங்கப்படுகின்றது. ஒரு குழந்தைக்கு அது கதையாகின்றது. பார்வை குன்றிய மற்றைய குழந்தைக்கு அது வெறுந்தாளாகின்றது. வழங்கப்பட்டது சமம், பெறப்பட்டது சமமன்று. எனவே, இரண்டாவது குழந்தைக்குத் தொட்டுணரும் பொருள்களைக் கொடுப்பது சலுகையாகாது. முதற்குழந்தை ஏலவே பெற்றுவிட்டதையே அது இக்குழந்தைக்கும் பெற்றுக்கொடுக்கின்றது.

இதற்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. மெதுவாகக் கற்கும் குழந்தைகளால் ஏனையோரின் படிப்புப் பின்தங்கிவிடும் என்பது முதலாவது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வாசல்வரை நீண்டுவிட்ட குடாநாட்டிலே இவ்வச்சம் வியப்புக்குரியதன்று. அரிவரியிலேயே பிள்ளை எத்தனை எழுத்து எழுதுகின்றது என்பதைக்கொண்டு முன்பள்ளியை மதிப்பிடும் பெற்றோர் பலர். ஆயின், முன்பள்ளிக் கல்வியின் வரலாறே இவ்வச்சத்திற்கு விடை பகர்கின்றது. மரியா மொன்ரிசோரி அம்மையார் முதலில் உரோம் நகரிலே உளவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கே கற்பித்தார். இற்றார், செகுவின் ஆகிய பிரெஞ்சு அறிஞரைப் பின்பற்றி, தொட்டும் அடுக்கியும் பொருத்தியும் கற்பதற்கான சாதனங்களை ஆக்கினார். அவ்வனுபவத்தையே 1907 இல் அந்நகரின் சான் லொரென்சோப் பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலே ஏனைய குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார். இன்று 'எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது' எனப் போற்றப்படும் முறையின் வேர், புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட உழைப்பிலே உள்ளது. ஒருவருக்காகத் தெளிவாக்கப்படும் பாடம் அனைவருக்கும் தெளிவாகின்றது.

இரண்டாவது தடை இதனினும் வலியது. செவிப்புலனற்ற குழந்தையைச் சைகைமொழி அறியாத வகுப்பிலே இருத்துவது அக்குழந்தையைக் கூட்டத்தின் நடுவே தனிமைப்படுத்துவதாகாதா? அவ்வாறாயின் தனிப் பாடசாலையே மேலானதன்றோ? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. செவிப்புலனற்ற குழந்தைகளுட் பெரும்பான்மையோர் கேட்கும் ஆற்றலுள்ள பெற்றோர்க்கே பிறக்கின்றனர்; ஆதலின் அவர்களுட் பலர் வீட்டிலும் முழுமையான மொழியொன்றைப் பெறுவதில்லை. மொழி வேரூன்றும் பருவமோ மிகக் குறுகியது. 1956 முதல் கைதடியிலே இயங்கிவரும் நவீல்ட் பாடசாலை போன்ற நிறுவனங்கள், விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிவழிக் கல்வியோடு தம்மை ஒத்தோரின் உறவையும் அளித்துள்ளன. அப்பணியைப் பிரிவினை எனப் பழிப்பது நன்றியின்மையாகும். எனினும், இவ்வாதம் நிறுவுவது ஒன்றே: ஆயத்தமற்ற வகுப்பறை தீங்கானது. வகுப்பறை ஒருபோதும் ஆயத்தமாக வேண்டியதில்லை என்பதை அது நிறுவவில்லை. தனிப் பாடசாலைகளில் திரண்ட அறிவு ஊர் முன்பள்ளிகளுக்கு வழிகாட்டுமாயின், இவ்விரண்டும் பகையாகா.

ஆகவே, உட்படுத்தற் கல்வியின் அறம் திட்டமிடலிலேயே தங்கியுள்ளது. குழந்தை வாசலுக்கு வந்தபின் 'இப்பிள்ளையை என்ன செய்வது?' எனத் திகைக்கும் முன்பள்ளி, அக்குழந்தையை ஏலவே விலக்கிவிட்டது. வெவ்வேறு குழந்தைகள் வருவார்கள் என்பதை முற்கூட்டியே கருதிச் செயற்படும் வகுப்பறையே நீதியான வகுப்பறை. வாசலிற் படிகளோடு ஒரு சாய்தளமும் இருக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்லை உணரும் குழந்தைக்காக, ஆசிரியை யன்னலுக்கு முதுகுகாட்டாது ஒளி தம் முகத்தில் விழுமாறு நிற்பார். பாட்டு, விளையாட்டு, உணவு, ஓய்வு என அன்றைய நிகழ்ச்சிகள் படங்களாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அடுத்து நிகழ்வதை அறியாது கலங்கும் ஓட்டிசக் குழந்தைக்கு அது ஆறுதலாகும். சந்தடியிலிருந்து விலகியிருக்க அமைதியானதொரு மூலை இருக்கும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும், அளப்பதற்குச் சிரட்டையும், எழுதுவதற்கு மணலும் போதும். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரே கதையை ஒரு குழந்தை வாயாற் சொல்லலாம், மற்றொன்று படத்தைச் சுட்டலாம், வேறொன்று நடித்துக்காட்டலாம். மூன்றும் விடைகளே.

எனினும், பொருளைவிட ஆளே இங்கு அரிது. ஒரே ஆசிரியை பெருந்தொகைக் குழந்தைகளைக் கவனிக்கும்போது எத்திட்டமும் தாளிலேயே நின்றுவிடும். கட்டாயக் கல்வி ஐந்து வயதிலேயே தொடங்குவதால் முன்பள்ளி அதற்கு வெளியே உள்ளது. குடாநாட்டிலே முன்பள்ளிகள் பல சனசமூக நிலையங்களாலும் சமய நிறுவனங்களாலும் நடத்தப்படுகின்றன. சிறு கொடுப்பனவு பெறும் இளம்பெண்களின் பொறுமையிலே ஒரு சமூகம் தன் கடமை முழுவதையும் ஏற்றிவைப்பது அறமாகாது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991 இலும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சமவாயத்தை 2016 இலும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. பயிற்சியும் துணை ஆசிரியரும் தக்க ஊதியமும் இல்லாதவிடத்து அவ்வுறுதிமொழிகள் முன்பள்ளி வாசலை எட்டமாட்டா.

கருணைக்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகின்றது. கருணை, கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. அவர் களைப்புற்றால் அதுவும் ஓய்ந்துவிடும். நீதியோ பெறுபவரின் உரிமையைச் சார்ந்தது. ஆசிரியை மாறினும் அது மாறுவதில்லை. போர் 2009 இல் முடிவுற்ற பின்னரும் அதன் வடுக்களைத் தாங்கிய உடல்களோடு வாழ்கின்ற இச்சமூகத்திற்கு, உடலின் குறை எவரையும் எந்நாளும் வந்தடையக்கூடும் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, அரிசியிலே முதலெழுத்தை எந்தக் குழந்தையும் தானாக எழுதுவதில்லை. பெரியவரின் கை குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கின்றது. அதனை எவரும் குழந்தையின் குறையாகக் கருதுவதில்லை. கல்வியின் தொடக்கமாகவே போற்றுகின்றனர். சில குழந்தைகளுக்கு அக்கை சற்று நீண்டகாலம் தேவைப்படும். சிலருக்கு வேறுவகையாகத் தேவைப்படும். அவ்வளவே வேறுபாடு. அன்று வாங்கைப் பெற்றுக்கொடுத்தோர் பெருங்கடமையொன்றை நிறைவேற்றினர். அவ்வாங்கிலே அமரும் ஒவ்வொரு குழந்தையும் கற்பதற்கு வழிசெய்வது அடுத்துவரும் தலைமுறையின் கடன்.