செல்நெறியும் சேரிடமும்

ஒருவன் நல்லதோர் இடத்தை நாடிச் செல்கின்றான். செல்லும் வழியில் அவனாற் பிறவுயிர்க்குத் தீங்கு விளைகின்றது. சேர்ந்த இடத்தின் சிறப்பு வழியிற் செய்த தீங்கைப் போக்குமோ? இவ்வினா சிறிதுபோலத் தோன்றினும், மாணாக்கரைத் தலயாத்திரைக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் அழைத்துச் செல்லும் ஆசிரியராகிய நாம் ஆராய்ந்து துணியத்தக்கதேயாம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணாக்கர் நாற்பதின்மருடன் வாடகைப் பஸ் வண்டியொன்றிற் கண்டிமாநகர் சென்றோம். ஒரே பகலில் வாவியும், தலதா மாளிகையும், பேராதனைப் பூந்தோட்டமும் காட்டிவிட எண்ணினோமாதலின், ஓரிடத்தும் அவர்களை நிற்கவிட்டோமில்லை. மாலையிற் கெட்டம்பே ஆற்றங்கரையில் உணவுண்டெழுந்தபோது, சோற்றுப்பொதி சுற்றிய தாள்களும் வெற்றுப் போத்தல்களும் கரையெங்குங் கிடந்தன. காற்றுச் சிலவற்றை நீரிலே தள்ளிற்று. அதனைப் பார்த்துநின்ற சிறுவனொருவன், "ஐயா, இது எங்கே போகும்?" என்றான். "கடலுக்கு" என்றோம். "எந்தக் கடலுக்கு?" என்றான். "நேரமாயிற்று, வண்டியில் ஏறு" என்பதே நாம் இறுத்த விடை.

அவ்வாறு மகாவலிகங்கை. இலங்கையின் ஆறுகளுள் மிக நீண்ட அது, 335 கிலோமீற்றர் ஓடுகின்றது. பேராதனைத் தோட்டத்தை வளைந்து, கண்டி நகரை மூன்று பக்கமுஞ் சூழ்ந்து, கிழக்கே இறங்கிப் பின் வடக்குநோக்கித் திரும்பிக் கொட்டியாரக் குடாவிற் கடலொடு கலக்கின்றது. அக்குடாவின் வடபால் நிற்பது ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற திருக்கோணமலை. நாம் கண்டியில் எறிந்த கழிவு கோணேசர் திருமுன்னுள்ள கடலையே நோக்கிச் சென்றதாயிற்று. 1976 ஆம் ஆண்டிற் பொல்கொல்லவிலும் 1985 ஆம் ஆண்டில் விக்டோரியாவிலும் எழுந்த அணைகள் அதனை இடையிலே தடுத்திருக்கலாமெனின், அதனாற் பழி நீங்குமோ? தடுக்கப்பட்ட அழுக்கும் அழுக்கே. அந்நீரைக் குடிப்போரும் அதனால் வயல் விளைப்போரும் நம் உடன்பிறந்தாரே.

"விரைவே இத்தீமைக்கு வேர், முன்னோர் மெல்லச் சென்றனர், ஆதலிற் குற்றமின்றி வாழ்ந்தனர்" என்பாரும் உளர். இஃது ஒருபுடை உண்மை. பேராதனையில் 1833 ஆம் ஆண்டு முதிரைமரப் பாலம் அமையுமுன், அவ்வாற்றைக் கடப்போர் ஓடத்துறையிற் காத்திருந்தனர். காத்திருந்தமையால் ஆற்றின் நிறமும் வேகமும் அறிந்தனர். 1867 ஆம் ஆண்டிற் புகையிரதம் கண்டியை எட்டியது. பின்னர் மோட்டார் வண்டிகள் மிகுந்தன. ஆறு வழிப்போக்கர்க்குப் பாலத்தின் கீழே கணப்பொழுது தோன்றி மறையும் காட்சியாயிற்று.

ஆயினும் மெல்லச் செல்லுதல் தானே அறமாகாது. கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டினின்று வந்த நம் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியே கண்டிமலைக்கு நடந்தே சென்றனர். அதனினும் மெல்லிய பயணம் யாது? பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பலர் அக்காட்டுவழியிலேயே மாண்டனர். தோட்ட முதலாளிக்கு வந்த ஊதியத்தின் விலையை அவர்தம் உடம்பு இறுத்தது. ஆகலின், எத்துணை விரைவிற் சென்றோம் என்பது முதல் வினாவன்று. நம் செலவின் சுமையை யார் தாங்கினர் என்பதே முதல் வினா. மெல்லச் செல்லுதலின் பயன், அச்சுமையை நம் கண்ணாற் காணச் செய்தலேயாம்.

திருநாவுக்கரசு நாயனார் கயிலை நோக்கிச் சென்ற வரலாற்றை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஓதுவிக்கின்றோம். கால் தேய நடந்தார். கை தேயத் தவழ்ந்தார். மார்பு தேய ஊர்ந்தார். தம் செலவின் சுமையைத் தம் உடம்பன்றிப் பிறிதோருயிர் தாங்க அவர் விட்டிலர். அவர் கயிலைமலையை எய்தவுமில்லை. காவிரிக்கரையில் திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, எதிர்ப்பட்ட விலங்கும் பறவையும் இணையிணையாய் வரக்கண்டு, அவற்றுள்ளே சிவமும் சத்தியுங் கண்டார். எதிர்ப்பட்ட உயிரையெல்லாம் இவ்வாறு காணக் கற்பிக்கும் சமயத்தார், ஆற்றில் வாழும் மீனையும் ஆற்றுநீர் உண்ணும் ஏழையையும் காணாது போதல் தகுமோ?

"ஆசிரியர்க்குக் கிடைப்பது ஒரு நாள், பெற்றோர் தரும் பணமும் சிறிது, பல இடங் காட்டாவிடின் அவர் குறைகூறுவர்" என்று அன்பர் சிலர் கூறுவர். மெய்யே. அடுத்த ஆண்டு நாம் ஓரிடத்துக்கே சென்றோம், குறையுங் கேட்டோம். ஆயினும் செல்லுமுன் ஒரு கிழமை அவ்வாற்றின் படத்தை மாணாக்கர் தாமே வரைந்தனர். உணவை வாழையிலையிற் கட்டி, நீரைத் தத்தம் பாத்திரத்திற் கொண்டுவந்தனர். ஆற்றங்கரையில் ஒரு நாழிகை பேசாதிருந்தனர். கொண்டுசென்றவற்றுள் ஒன்றையும் அங்கே விட்டுவந்திலர். பல இடங் கண்ட முன்னை மாணாக்கரினும் இவர் மிக அறிந்து மீண்டனர் என்பது எம் துணிபு.

எனவே, சேரிடத்தின் சிறப்பு செல்நெறியின் தீங்கைப் போக்காது. செல்நெறியும் வழிபாட்டின் ஓருறுப்பே என்று கொள்க. அச்சிறுவன் இன்று வளர்ந்திருப்பான். அவன் வினாவுக்கு இவ்வளவு காலந் தாழ்த்து விடை எழுதுகின்றோம். நம் பள்ளிகளிலிருந்து இனிப் புறப்படும் ஒவ்வொரு வண்டியும், அவ்வினாவுக்குரிய விடையை முன்னறிந்து புறப்படுக.