சொன்ன விலை

போன கார்த்திகையில் நண்பர் ஒருவருக்குத் துணையாக விருதுநகரிலிருந்து திருத்தங்கலுக்குப் போனேன். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசில் பார்த்த பழைய தையல் மெஷினுக்கு, 3,500 ரூபாய் என்று போனிலேயே பேசி முடித்திருந்தார். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர், கிளம்பியதே ஒரு மணிக்கு.

விற்கும் அக்கா பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது ஊசி மாட்டி, தைத்துப் பார்க்க ஒரு சிவப்புத் துணியையும் அதன் அடியில் வைத்திருந்தார். நண்பர் மிதித்துப் பார்த்தார். தையல் நூல் பிடித்தாற்போல நேராக விழுந்தது. அதன்பிறகு, "ரெண்டாயிரத்து ஐந்நூறு வச்சுக்கங்கக்கா" என்றார்.

"தம்பி, போன்ல பேசினது மூவாயிரத்து ஐந்நூறாச்சே. நீங்க வர்றீங்கன்னுதானே காலையில கேட்டவங்கள வேண்டாம்னுட்டேன்?"

கடைசியில் அந்த ஆயிரம் குறைந்தது. பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

பேரம் பேசுவது தப்பே இல்லை. "கடைசி விலை என்ன?" என்று தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதையெல்லாம் அடுத்தவர் வாசல்படி மிதிக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். சொல்லாமல் மறைத்த பழுது இருந்தால், அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்வது நியாயம். பழுதே இல்லாத பொருளுக்கு, ஆளின் அவசரத்தைப் பார்த்து விலையை இறக்குவது வாக்குத் தவறுதல்.

அவசரம் எப்போது வரும் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் பூட்டியிருக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு, மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் வீட்டுச் சாமானைப் படம் எடுத்துப் போடுகிறவரிடம், "இந்தக் காயலான் கடைச் சாமானுக்கு இந்த விலையா?" என்று ஊர் பார்க்க எழுத எப்படி மனசு வருகிறது?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. விற்கிறவரின் கஷ்டம் நாலு பேர் வாய்க்குப் போகாமல் அந்தத் துண்டு மூடிவிடுகிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அச்சாரம் கை மாறிவிட்டால் அதன்பின் விலைப் பேச்சுக்கு இடமில்லை.

மொபெட்டோ பைக்கோ வாங்கியவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டி வந்தபின் ஆர்.சி.யில் பெயர் மாற்றாமலே பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முடைக்கு வண்டியை விற்றவர், யாரோ செய்த விபத்துக்காகக் கோர்ட்டுப் படி ஏற நேரும்.

அப்படி ஒரு வண்டி உங்கள் வீட்டில் நின்றால், இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிவிட்டு, விற்றவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள்.