உத்தரவு யாருக்கு வந்தது?

இராமாயணத்தில் வாக்குக் கொடுத்தவர் தசரதர். காட்டுக்குப் போனவர் இராமர். பிடிவாதம் பிடித்துக் கூடவே போனவர்கள் சீதையும் இலக்குவனும். போகாமல் பதினான்கு வருடம் அரண்மனையில் இருந்தவள் ஊர்மிளை. அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. ஒருவர் கொடுத்த வாக்கு இன்னொருவரை எதுவரை கட்டும் என்ற இந்தக் கேள்வியைப் பௌராணிகர்கள் எத்தனையோ முறை அலசிவிட்டார்கள். நம் சங்கத்து அன்பர்களுக்கு இது வெறும் புராணக் கேள்வி இல்லை. நம்மோடு நவராத்திரி கொலுவுக்கும் தைப்பூசத்துக்கும் வந்துகொண்டிருக்கும் இராணுவக் குடும்பங்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை இதற்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் வீட்டைக் காலி செய்கின்றன.

அமெரிக்க இராணுவத்தில் நம் பிள்ளைகளா என்று சிலர் ஆச்சரியப்படலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சேருவது ஒரு பக்கம். 2009-ல் தொடங்கிய ‘மாவ்னி’ என்ற திட்டத்தின்படி, கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருந்தவர்களும் மொழித் திறமையோ மருத்துவத் திறமையோ இருந்தால் சேரலாம், சீக்கிரமே குடியுரிமையும் பெறலாம் என்று இருந்தது. வேண்டும் என்று பட்டியலிட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. 2016-ல் அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அதற்குள் நுழைந்தவர்களில் சிலர் இன்று சார்ஜென்ட்டுகள், பிள்ளை குட்டிக்காரர்கள்.

இந்த இடமாற்றத்துக்கு அவர்கள் பாஷையில் ‘பி.சி.எஸ்.’ என்று பெயர். விரித்தால் ‘நிரந்தர நிலைய மாற்றம்’. பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்குள் திரும்பவும் வந்துவிடுகிற ஒன்றுக்கு நிரந்தரம் என்று பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு மிக்கவராகத்தான் இருக்க வேண்டும். ஊர்ப் பெயர்களே நிற்பதில்லை. டெக்ஸாஸில் கில்லீன் பக்கத்திலுள்ள ஃபோர்ட் ஹுட் 2023-ல் ஃபோர்ட் கவாசோஸ் ஆயிற்று, 2025-ல் மறுபடி ஃபோர்ட் ஹுட் ஆயிற்று. சாமானை அரசாங்கச் செலவில் கட்டி ஏற்றி அனுப்புகிறார்கள். அதற்கு எடைக் கணக்கு உண்டு. குடும்பத்தோடு போகும் சார்ஜென்ட்டுக்கு 9,000 பவுண்டு. வெட் கிரைண்டர், கொலுப்படி, ஐந்து முகக் குத்துவிளக்கு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கறிவேப்பிலைச் செடிதான் அடங்காது. சாமான் கட்டுகிறவர்கள் செடிகளை ஏற்றுவதில்லை. நாமே காரில் வைத்துக்கொண்டு போகலாமென்றால், எலுமிச்சை வகைகளைத் தாக்கும் பூச்சி அதில் தங்குகிறது என்று டெக்ஸாஸிலிருந்து வெளியே கொண்டுபோக விவசாய இலாகாவின் கட்டுப்பாடு இருக்கிறது. இராணுவக் குடும்பம் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியை விட்டுவிட்டுத்தான் போகிறது. என் வீட்டுப் பின்கட்டில் அப்படி வந்தவை மூன்று.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்தின் போது, ஃபோர்ட் ஹுட்டிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் கனடா எல்லைக்கு அருகிலிருக்கும் ஃபோர்ட் டிரம்முக்கு மாற்றலாகிற ஒரு பெண் எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏறக்குறைய 1,700 மைல். “உத்தரவு அவருக்குத்தான் மாமா வந்தது. வேலையை விட்டது நான். ஸ்கூலை விட்டது இவள்” என்று பக்கத்திலிருந்த மகளைக் காட்டினாள். எதிரே இருந்த மாமி ஒருவர், “தெரிந்துதானே அம்மா பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டாய்?” என்றார். “அவரைத் தெரிந்து கட்டிக்கொண்டேன் மாமி. ஃபோர்ட் டிரம் ஜாதகத்தில் இல்லையே” என்றாள் அவள். சிரித்தோம். ஆனால் மாமி கேட்டதில் ஒரு வாதம் இருக்கிறது. அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது.

இராணுவத்தில் சேருகிறவர் வலது கையை உயர்த்தி அரசியல் சட்டத்தைக் காப்பதாகப் பிரமாணம் செய்கிறார். மனைவி கை உயர்த்துவதில்லை. குழந்தை பிறந்தே இருக்காது. இருந்தும் காகிதங்களில் இவர்கள் ‘டிபெண்டென்ட்’, அதாவது சார்ந்திருப்பவர்கள். தெரிந்து மணந்தவள் என்பது மனைவி விஷயத்தில் பாதிக்குப் பொருந்தும். கல்யாணத்தின் போது இன்னொருவருடைய பாரத்தில் பங்கு கொள்வதாக ஒப்புக்கொள்கிறோம். அந்த பாரம் இன்னதென்று எடைபோட்டுப் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பத்து வயதுப் பெண் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இராணுவக் குழந்தைகள் பள்ளிப் படிப்பு முடிவதற்குள் சாதாரணமாக ஆறிலிருந்து ஒன்பது முறை இடம் மாறுகிறார்கள் என்று கல்வித் துறையினர் சொல்கிறார்கள்.

“நாம் மட்டும் குழந்தைகளைக் கேட்டுக்கொண்டா கடல் தாண்டி வந்தோம்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தாம் நாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு வேறு வழியே இருக்கவில்லை. அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மற்றவர்களுக்கு, பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம், அந்தக் கம்பெனி வேண்டாமென்று வேறு கம்பெனி பார்க்கலாம் என்ற ஒரு கதவு இருந்தது. சிப்பாய்க்கு அந்தக் கதவு இல்லை. உத்தரவை மறுத்தால் இராணுவச் சட்டப்படி குற்றம். ஆகவே அவர் வீட்டில், ‘நான் என்ன செய்வது, மேலிடத்து உத்தரவு’ என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாப் பேச்சும் முடிந்துவிடுகிற அபாயம் இருக்கிறது. அந்த வாக்கியம் உண்மை. உண்மையாக இருப்பதனாலேயே அது ஒளிந்துகொள்ளவும் வசதியான இடம்.

நம் பழைய இலக்கியத்தில் இந்தச் சிக்கல் வேறு விதமாக இருந்தது. முல்லைப்பாட்டில் அரசன் பாசறையில் இருப்பான், அரசி வீட்டில் காத்திருப்பாள். இந்திய இராணுவத்தில் இன்றும் ‘ஃபீல்ட்’ என்றால் குடும்பம் கூடப் போவதில்லை, ‘பீஸ் ஸ்டேஷன்’ என்றால் போகலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்த எத்தனையோ பேரின் பிள்ளைகள் பாட்டி வீட்டில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தார்கள். அப்பா முகத்தை வருடத்துக்கு ஒரு லீவில் பார்த்தார்கள். அதை உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பாட்டி வீடு என்று ஒன்று இருந்தது. கில்லீனில் பாட்டி இல்லை. ஆகவே இங்கே கூடப் போவதா, தங்குவதா என்பதில் இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

அப்படியானால் அந்தச் சார்ஜென்ட் குடும்பத்துக்குக் கடன்பட்டது என்ன? சம்மதம் வாங்குவது முடியாத காரியம். கேட்பது முடியும். எந்த ஊர், எந்தத் தேதி என்பது உத்தரவில் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து போவதா, பள்ளி வருடம் முடியும் வரை அவர் மட்டும் போவதா என்பது உத்தரவில் இல்லை. வீட்டில் பேச வேண்டியது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை அதே பள்ளியில் முடிப்பதற்காக மாற்றலைத் தள்ளிவைக்கும்படி விண்ணப்பிக்க இராணுவத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும். ‘கேட்டால் பதவி உயர்வுக்கு ஆகாது’ என்று கேட்காமலே இருந்துவிட்டு, பிறகு மேலிடத்து உத்தரவு என்று வீட்டில் சொல்வது சரியல்ல என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். தேசத்துக்குக் கொடுத்த வாக்கு அவரை அனுப்பும் உரிமையை இராணுவத்துக்குக் கொடுக்கிறது. மகளிடம் பேசாமல் இருக்கும் உரிமையை அவருக்குக் கொடுப்பதில்லை. இராமர் கூட முதலில் ‘நீ இங்கேயே இரு’ என்றார். சீதை எதிர்வாதம் செய்தாள். அவர் நின்று கேட்டு மனம் மாறினார்.

தேசத்துக்கும் இதில் கடன் உண்டு. கொஞ்சம் உணர்ந்துமிருக்கிறார்கள். இடம் மாறும் இராணுவக் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை, பாடக் கணக்கு இவற்றை ஒழுங்கு செய்ய 2008-ல் மாநிலங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம் தொடங்கி, 2014-க்குள் 50 மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. மனைவி அல்லது கணவரின் தொழில் லைசென்ஸ் புதிய மாநிலத்திலும் செல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய சட்டம் வந்தது. அதற்குத் துணைவருடைய மாற்றல் உத்தரவைக் காட்ட வேண்டும்! அப்படியிருந்தும், 2021-ல் பாதுகாப்புத் துறை எடுத்த கணக்கில் இராணுவத் துணைவர்களில் வேலை செய்பவர்களும் தேடுபவர்களுமாக உள்ளவர்களில், தேடியும் கிடைக்காதவர்கள் 21 சதவீதம். லாரிக்கூலி கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். ‘இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள்’ என்று இவர்களை எந்தக் குழுவிலும் சேர்ப்பதில்லை. குழந்தைக்குத் திருப்பாவை வகுப்பில் கடைசி இடம், ஆண்டுவிழா நாடகத்தில் கூட்டத்தில் ஒருவர் வேஷம். தமிழ் வகுப்பிலோ, வேறு ஊரில் மூன்றாம் நிலை வரை படித்துவிட்டு வந்த பிள்ளையை மறுபடியும் ‘அ, ஆ’விலிருந்து உட்கார வைக்கிறோம். அரசாங்கப் பள்ளிகள் 50 மாநிலத்திலும் ஒப்புக்கொண்டதை நம் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மாற்றலாகும் பிள்ளைக்கு, இன்ன பாடம் வரை முடித்திருக்கிறாள், எழுதுவாள், வாசிப்பில் கொஞ்சம் தடுமாற்றம் என்று ஆசிரியை கையெழுத்திட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கலாம். போகிற ஊரில் கோயிலோ சங்கமோ இருந்தால் அங்கே ஒரு தொலைபேசி அழைப்பு. இரண்டுக்கும் செலவில்லை. இராணுவ மாற்றல்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வரும் என்பதால், பங்குனி மாதப் பொதுக்குழுவிலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.